ஊர்ந்தால் கொதிக்கும் பிக்கப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நெடுஞ்சாலையில் எந்தத் தொல்லையும் தராத பிக்கப், நெரிசலில் சிக்கினால் மட்டும் சூடேறுகிறது என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: என் டீசல் பிக்கப் முழு லோடுடன் 80 கி.மீ. வேகத்தில் போனாலும் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. டிராஃபிக்கில் பத்து, பதினைந்து நிமிடம் ஊர்ந்தால் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. லோடுடன் வேகமாக ஓடும் இன்ஜின், ஐடிலில் நிற்கும் இன்ஜினைவிடப் பல மடங்கு வெப்பத்தை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அவ்வளவையும் உங்கள் ரேடியேட்டர் வெளியேற்றிவிடுகிறது என்றால், அதன் உள்குழாய்கள் பெரும்பாலும் அடைபடவில்லை என்று அர்த்தம். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பும், அது சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டும்கூட ஓரளவுக்கு வேலை செய்கின்றன. வேகத்தில் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுக்க ஃபேனின் தலையில் விழும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை ஃபேன், அதைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் என்கிற கவர், காற்று போகும் பாதை ஆகிய மூன்றும்தான்.

இதற்கு நேர்மாறாக, டிராஃபிக்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போதும் வேகத்திலும் மட்டும் சூடானால் சந்தேகம் வேறு பக்கம் போகும். ரேடியேட்டருக்குள் உப்புப் படிவு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், அதிக ஆர்பிஎம்மில் சப்பிப் போகும் கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப் இம்பெல்லர் ஆகியவை அந்த வகை.

எதையும் கழற்றுவதற்கு முன் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பல வண்டிகளில் ஏறக்குறைய 75 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் மீட்டரை அமைத்திருப்பார்கள். முள் அசையும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி கூலன்ட் வெப்பநிலையை எண்ணாகவே பாருங்கள். பழைய வண்டியாக இருந்து, ஹெட்லைட் போட்டதும் முள் துள்ளினால், சூட்டைத் தேடாதீர்கள். மீட்டரின் எர்த் ஒயரைத் தேடுங்கள்.

அடுத்து, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ரிசர்வ் டாங்கில் அளவு சரியாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. மூடியின் சின்ன வேக்குவம் வால்வு ஒட்டிக்கொண்டால், டாங்க் நிறைந்திருக்கும். ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் குறைந்திருக்கும். கூலன்ட் மூடிக்குக் கீழே கழுத்து வரை நிற்க வேண்டும்.

இனி முக்கியமான சோதனை. ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் தேவை. பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேலும், ரேடியேட்டரின் உள்வரும் வாய், வெளிபோகும் வாய் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஏசி போட்டு, ஐடிலில் 20 நிமிடம் ஓடவிட்டு, மூன்று இடங்களிலும் அளவு எடுங்கள். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு, மேலே உள்வரும் வாயில் 100 டிகிரி, கீழே வெளிபோகும் வாயில் 96 என்று இரண்டும் நெருங்கிவந்து சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தால், கூலன்ட் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை எடுத்துப் போகவில்லை. மேலே 100, கீழே 50 என்று பெரிய இடைவெளி இருந்தால், கூலன்ட் ஓட்டமே தடைபட்டிருக்கிறது. ரேடியேட்டர் மாற்றுவதா வேண்டாமா என்பதை இந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். யார் சொன்னாலும் அதற்கு முன் வேண்டாம்.

காற்றுப் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். கிரில்லுக்கு வெளியே நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அதைத் தாண்டிய இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடுக்கில் பஞ்சு, வைக்கோல் துணுக்கு, பூச்சி, எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு என்று கம்பளி போர்த்தியதுபோலப் படிந்திருக்கும். வேகத்தில் காற்று இதை ஓரளவு ஊடுருவும். ஃபேனின் இழுவையால் முடியாது. பெரும்பாலான பிக்கப்களில் கண்டென்சரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டைக் கழற்றினால், கேஸ் பைப்பைத் தொடாமலே அதை முன்பக்கம் கொஞ்சம் சாய்க்கலாம். பைப்பை மடக்கும் அளவுக்கு இழுக்காதீர்கள்.

கழுவும் திசை முக்கியம். அழுக்கு முன்பக்கமிருந்து வந்தது, எனவே தண்ணீர் இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகப் போக வேண்டும். சாதாரண தோட்டக் குழாயின் அழுத்தமே போதும். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால், குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகளான ஃபின்கள் படுத்துவிடும்; படுத்த ஃபின் அழுக்கைவிட மோசமாகக் காற்றை மறிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அலுமினியத்துக்கு ஆகாத காஸ்டிக் கலவையைத் தவிர்த்து, மிதமான சோப்புக் கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். முன்பக்கம் வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை விடாதீர்கள்.

கழுவும்போது ஒரு ஃபின்னை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தாலோ, குழாயை விட்டு விலகி ஆடினாலோ, அந்த ரேடியேட்டரின் ஆயுள் முடிந்துவிட்டது. குழாயோடு ஒட்டாத ஃபின் வெப்பத்தைக் கடத்தாது. அந்த நிலையில் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் இன்ஜினோடு சுற்றும் ஃபேன். அது எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியிருக்க ஃபேன் கெட்டுப்போயிருக்கும் என்கிறார்களே, எப்படி?

பதில்: சுற்றுவது வேறு, காற்றை இழுப்பது வேறு. இறக்கைக்கும் பம்ப் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் வட்டமான, ஃபின் போட்ட அலுமினியப் பெட்டிதான் விஸ்கஸ் கிளட்ச். அதற்குள் கெட்டியான சிலிகான் எண்ணெய் இருக்கிறது. முன்முகத்தில் சுருளாகத் தெரிவது இரட்டை உலோகப் பட்டை. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று ஏறக்குறைய 65 முதல் 80 டிகிரிக்குள் எட்டும்போது, அந்தச் சுருள் திரும்பி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் வேலை அறைக்குள் பாய்ந்து ஃபேனைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது ஃபேன் மெல்லச் சுற்றும், பிடித்துக்கொண்டால் ஷாஃப்ட் வேகத்தை நெருங்கும். எண்ணெய் கசிந்துபோன கிளட்ச் வெறுமனே இழுபட்டுச் சுற்றும். பார்வைக்கு ஃபேன் ஓடுவதுபோலவே இருக்கும்.

நான்கு சோதனைகள் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும், முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஃபேனின் இரைச்சல் கூடுதலாகக் கேட்டுப் பிறகு அடங்க வேண்டும். நின்றிருந்த நேரத்தில் வேலை அறைக்குள் இறங்கிய எண்ணெய் திரும்பிப் போவதன் சத்தம் அது. இரைச்சலே வராத கிளட்சில் எண்ணெய் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் தள்ளிவிடுங்கள். கெட்டியாக எதிர்த்து, கால் சுற்று, அரைச் சுற்றில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஓடினால் கிளட்ச் போய்விட்டது. அடியோடு அசையாமல் இறுகியிருந்தாலும் அது கெட்டுப்போனதுதான். அப்போது சூடாகாது, ஆனால் டீசல் வீணாகும், இரைச்சல் ஓயாது.

மூன்றாவது, சுருளைச் சுற்றியும் பேரிங் ஓரத்திலும் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே கதிர்போல ஓடும், தூசி ஒட்டிய எண்ணெய்க் கோடுகள் கசிவைக் காட்டும். நான்காவது, இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நுனியில் சில மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் கிளட்ச் பேரிங்கோ பம்ப் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. எது என்று தெரிய, பம்ப் புல்லியைத் தனியாகப் பிடித்து ஆட்டுங்கள்.

ஓடும் ஃபேனில் சுருட்டிய காகிதத்தை நுழைத்து நிறுத்திப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. செய்யவே கூடாது. பிளாஸ்டிக் இறக்கை உடைந்து பறந்தால் கண் போகும்.

மாற்றும்போது இரண்டு விஷயம். சில வண்டிகளில் கிளட்ச் நான்கு சின்ன நட்டுகளில் நிற்கும். சிலவற்றில் நடுவே ஒரே பெரிய நட். அந்தப் பெரிய நட் சில இன்ஜின்களில் இடப்பக்க மரையாகவும் இருக்கும், ஆகவே எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை சர்வீஸ் மேனுவலில் பார்த்த பிறகே ஸ்பேனரைப் போடுங்கள். புதிய கிளட்சை வண்டியில் நிற்பதுபோலவே செங்குத்தாக வைத்திருங்கள். படுக்கப்போட்டு வைத்தால் சிலிகான் எண்ணெய் சீல் வழியாகக் கசியக்கூடும். இறக்கையை முன்பின் மாற்றிப் பூட்டுவதும் நடக்கிறது. அப்படிப் பூட்டினாலும் காற்று வரும், ஆனால் பாதிகூட வராது. பழைய இறக்கையைக் கழற்றும் முன் இன்ஜின் பக்கம் ஒரு சாக்பீஸ் குறி போட்டுவிடுங்கள்.

கேள்வி: வாட்டர் பம்ப் மாற்றியபோது ஃபேனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் உடைந்துவிட்டது. அது இல்லாமலே ஓட்டுகிறேன். அதனால் சூடாகுமா?

பதில்: ஆகும். ஷ்ரவுட் என்கிற அந்தக் கவரை, இறக்கையில் கை படாமலிருக்க வைத்த பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ரேடியேட்டர் சதுரம், ஃபேன் வட்டம். ஷ்ரவுட் இருந்தால்தான் ரேடியேட்டரின் நான்கு மூலையிலிருந்தும் காற்று இழுபடும். அது இல்லாவிட்டால், ஃபேன் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டும் கொஞ்சம் இழுக்கும்; மீதி நேரம், பின்னால் தள்ளிய சூடான காற்றே இறக்கை நுனியைச் சுற்றி முன்னால் வந்து மறுபடி மறுபடி சுழலும். ஐடிலில் இது அப்பட்டமாகத் தெரியும்.

புதிதாகப் பூட்டும்போது இறக்கையின் அகலத்தில் பாதி ஷ்ரவுடுக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்கட்டும். நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் இடையே சுற்றிலும் ஒரே சீராக 2 சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் இருந்தால் ஷ்ரவுடை இழுத்து ஒட்டாதீர்கள். இன்ஜின் மவுன்ட் இறங்கியிருக்கும், அதைப் பாருங்கள்.

இதோடு சேர்த்து, ரேடியேட்டரின் மேலும் பக்கங்களிலும் இருக்கும் ரப்பர், ஃபோம் பட்டைகளையும், பம்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டையும் திரும்ப மாட்டுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் ஒன்றிரண்டு கிளிப் காணாமல்போய், கடைசியில் தட்டே இல்லாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். வண்டி நிற்கும்போது இன்ஜின் அறையின் சூடான காற்று அந்த ஓட்டைகள் வழியாக முன்னால் வந்து, மீண்டும் கண்டென்சருக்குள் புகும். ஐடிலில் ஓடும்போது கிரில்லுக்கும் கண்டென்சருக்கும் நடுவே ஒரு சாதாரண தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். வெளிக்காற்றைவிட ஐந்து டிகிரி கூடினால் கவலையில்லை. 15, 20 டிகிரி கூடினால் காற்று திரும்பி வருகிறது. அதேபோல, பெரிய பம்பர் விளக்கு, அலங்காரக் கிரில், பூச்சி வலை எல்லாமே காற்றை மறிக்கும். பொருத்தியிருந்தால் சோதனைக்காகவாவது கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் ஃபேன் உள்ள பிக்கப். ஏசி போட்டால்தான் டிராஃபிக்கில் முள் ஏறுகிறது, ஏசியை அணைத்தால் இறங்கிவிடுகிறது. ஏசிதான் குற்றவாளியா?

பதில்: ஏசி ஒரு சுமையைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். கண்டென்சர் வெளியேற்றும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குள் போகிறது. சரியான காற்றோட்டம் உள்ள வண்டி இதையும் தாங்கும்படிதான் தயாரிக்கப்பட்டிருக்கிறது. ஃபேனிடம் கையிருப்பு இல்லை என்பதை உங்கள் ஏசி காட்டிக்கொடுக்கிறது.

ஏசி ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் என்ற வரிசையில் போங்கள். அதே அளவுள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதற்கும் ஓடவில்லையென்றால் ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயரில் நேராக 12 வோல்ட் கொடுங்கள். கை, துணி, ஒயர் எதுவும் இறக்கைக்கு அருகில் இருக்கக் கூடாது. நேராகக் கொடுத்தால் ஓடுகிறது என்றால் மோட்டார் நல்லது, கோளாறு ஒயரிங்கிலோ சென்சாரிலோ இருக்கிறது.

ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சூடாகிறது என்றால் வேலை கொஞ்சம் நுணுக்கமானது. ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது, கனெக்டரின் பின்புறத்திலிருந்து மல்டிமீட்டர் முனையை நுழைத்து வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து, ஃபேனில் 13.3க்குக் குறையாமல் இருந்தால் சரி. 11 வோல்ட்தான் வருகிறது என்றால், கருகிய கனெக்டர், துருப்பிடித்த எர்த் போல்ட், தேய்ந்த ரிலே முனை, இந்த மூன்றில் ஒன்று. ஃபேன் மோட்டாரின் வேகம் வோல்டேஜோடு இறங்கும், காற்றின் அளவும் கூடவே இறங்கும். வோல்டேஜ் சரியாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார்.

இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது அடிக்கடி நடக்கும். அப்போது ஃபேன் 95 டிகிரி அளவில் தொடங்காது. 105ஐ நெருங்கிய பிறகு முழு வேகத்தில் ஒரேயடியாகப் பாயும். முள் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் இதைச் சந்தேகிக்கலாம். மோட்டார் மாற்றிய பிறகு தொடங்கிய சூடு என்றால், ஒரு தாளை கிரில் முன் பிடித்துப் பாருங்கள். தாள் கிரில்லோடு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் ஒயர் தலைகீழாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு பிரச்சினையே வராது என்கிறார்கள். சரியா?

பதில்: தவறு, பல இன்ஜின்களில் நிலைமையை இன்னும் கெடுக்கும். தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, அதன் அடித்தட்டு இன்னொரு வேலை செய்கிறது: ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப இன்ஜினுக்குப் போகும். காலையில் இன்ஜின் சூடேற நேரமாகி டீசல் கூடுதலாகச் செலவாகும், மதியம் கொதிக்கும்.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். உடம்பில் 82 என்று பொறித்திருந்தால் அந்த அளவில் திறக்கத் தொடங்க வேண்டும், 95க்குள் முழுதாகத் திறக்க வேண்டும். முழுதாகத் திறந்தபோது வால்வு குறைந்தது 8 மில்லிமீட்டர் விலக வேண்டும். 3, 4 மில்லிமீட்டரோடு நின்றால் மாற்றுங்கள். 88 உள்ள இடத்தில் 71 போடுவதால் டிராஃபிக் சூடு தீராது. அது எப்போது திறக்கத் தொடங்குகிறது என்பதை மட்டுமே மாற்றும். முழுதாகத் திறந்த பிறகு இரண்டும் ஒன்றுதான். பூட்டும்போது விளிம்பில் உள்ள, காற்றை வெளியேற்றும் சின்ன ஊசி மேல் பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் நன்றாகக் குளிரும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: வெப்பத்தை ஏந்திச் செல்லும் திறன் வெறும் தண்ணீருக்குக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் குழாய்த் தண்ணீரின் உப்பு, சிலிண்டரைச் சுற்றியுள்ள சூடான சுவரில்தான் முதலில் படியும். மெல்லிய படிவுகூட வெப்பத்தை மறிக்கும். அலுமினிய ஹெட்டும் பம்ப் இம்பெல்லரும் அரித்துப்போகும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கான்சன்ட்ரேட்டைக் கலக்காமல் அப்படியே ஊற்றினாலும் சூடு கூடும், ஏனென்றால் கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்கால் தனியாக வெப்பத்தை மோசமாகவே கடத்தும். கடையில் வாங்கியது ஏற்கெனவே தண்ணீர் கலந்த வகையா என்று லேபிளைப் பாருங்கள். அதில் மேலும் தண்ணீர் சேர்த்தால் பாதுகாப்பு குறைந்துவிடும். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்ற நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவிதி எதுவும் இல்லை. மேனுவலில் சொன்ன வகைதான் கணக்கு.

மூடியையும் இதே பதிலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் மலிவான இந்தச் சாமானைப் பலரும் கவனிப்பதேயில்லை. ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் 125ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் பிடிக்காவிட்டால் அதே கூலன்ட் 107, 108 டிகிரியில் கொதித்து டாங்க் வழியே வழிந்துவிடும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அதே எண்ணில் மாற்றுங்கள். கூடுதலானது ஹோஸையும் பிளாஸ்டிக் டாங்கையும் பதம் பார்க்கும்.

கேள்வி: ரேடியேட்டர் புதிது, ஃபேன் கிளட்ச் புதிது, தெர்மோஸ்டாட் புதிது. இன்னும் டிராஃபிக்கில் சூடாகிறது. இனி என்ன?

பதில்: புதிய சாமான் பூட்டிய பிறகு காற்று முழுதாக வெளியேறியதா என்று முதலில் பாருங்கள். உங்கள் வண்டி 8 லிட்டர் பிடிக்கும் என்று மேனுவல் சொல்லி, நிரப்பும்போது 6 லிட்டர்தான் போயிற்று என்றால், மீதி 2 லிட்டர் இடத்தில் காற்றோ, வடியாத பழைய கூலன்ட்டோ இருக்கிறது. ஐடிலில் பம்பின் வேகம் குறைவு. காற்றுக் குமிழைத் தள்ள அதற்கு வலு போதாது. அதனால் இந்தக் கோளாறும் டிராஃபிக்கில்தான் முதலில் தலைகாட்டும்.

முன் சக்கரங்கள் உயரமாக நிற்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்துங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். பிளீட் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, குமிழ் இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெல்ல ஊற்றி மூடுங்கள். மேல் ஹோஸைக் கையால் பலமுறை பிசைந்துவிடுங்கள். மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் நிரப்பி, மூடியைப் போட்டு, 2000 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் வையுங்கள். ஹீட்டரில் வரும் காற்று ஐடிலிலும் சூடாகவே இருந்தால் காற்று போய்விட்டது. ரேஸ் கொடுத்தால் சூடு, விட்டால் குளிர்ச்சி என்று மாறினால் இன்னும் இருக்கிறது. மறுநாள் காலை குளிர்ந்த பிறகு ஒருமுறை மட்டம் பாருங்கள்.

அடுத்து பெல்ட். ஓரம் கண்ணாடிபோலப் பளபளத்தால் வழுக்குகிறது. பம்பின் அடியில் உள்ள கசிவுத் துளையில் உலர்ந்த கூலன்ட் தடம் இருந்தால் சீல் போய்விட்டது.

காற்றை நீக்கியும் மறுபடி மறுபடி காற்று சேர்ந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்தில், கூலன்ட் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாத நிலையில், மேல் ஹோஸ் கல்போல இறுகுகிறதா? ரிசர்வ் டாங்கில் விடாமல் குமிழ் வருகிறதா? எங்கும் கசியாமல் கூலன்ட் குறைகிறதா? இவை சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைவதன் அறிகுறிகள். ஆயில் பாலாடையாக மாறியிருக்கும் என்று காத்திருக்காதீர்கள். பல வண்டிகளில் ஆயில் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும், ஏனென்றால் கேஸ்கெட் சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவில் மட்டும் விட்டிருக்கலாம்.

நீலத் திரவம் ஊற்றிச் செய்யும் பிளாக் டெஸ்டரில், எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நிறம் மஞ்சளாகும். டீசலில் ஐடிலில் சோதித்தால் ஏமாறுவீர்கள்: ஐடிலில் டீசல் புகையில் கரியமில வாயு மிகக் குறைவு, நிறம் மாறாமலே போகலாம். நல்ல மேடு ஏற்றி, சூடாகக் கொண்டுவந்த உடனே, மூடியைப் பாதுகாப்பாகத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். நிறம் பச்சைக்குத் திரும்பினாலும் டீசலில் அது கோளாறுதான். இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் உள்ள டீசலில், உள்ளே விரிசல் விட்ட கூலரும் இதே குமிழ்களைத் தரும். ஹெட்டைக் கழற்றும் முன், கூலரைத் தனியாகக் கழற்றி அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், நேர்கோல் வைத்து வளைவைப் பார்க்காமல் புதிய கேஸ்கெட் போட விடாதீர்கள். பழைய ஹெட் போல்ட்டையும் மேனுவல் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

கசிவடைக்கும் பொடியை ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓட்டை எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது. எங்கள் பதில், கூடாது.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப். சிக்னலில் நிற்கும்போது டி (டிரைவ்) நிலையிலேயே வைத்திருப்பதால் சூடு கூடுமா?

பதில்: கொஞ்சம் கூடும். பிரேக்கை மிதித்து நிற்கும்போது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடையப்பட்டுச் சூடாகிறது. பல வண்டிகளில் அந்த ஆயிலின் கூலர் ரேடியேட்டர் டாங்குக்குள்ளேயே இருப்பதால், அந்தச் சூடும் கூலன்ட்டில் சேரும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் இடங்களில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். டிரெய்லர் இழுப்பவராக இருந்தால் தனியாக ஒரு ஆயில் கூலர் வைப்பது பயனுள்ள செலவு.

கேள்வி: நெரிசலின் நடுவில் முள் ஏறத் தொடங்கிவிட்டது. ஒதுங்க இடமில்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது?

பதில்: முதலில் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டர் என்பது ஒரு சின்ன ரேடியேட்டர். கேபினில் அவதிதான், ஆனால் பல நேரம் முள் இறங்கிவிடும். இன்ஜினோடு சுற்றும் ஃபேன் உள்ள வண்டியில், நியூட்ரலில் வைத்து 1500 ஆர்பிஎம் வரை மெல்ல ஏற்றிப் பிடியுங்கள். பம்பும் ஃபேனும் வேகம் எடுக்கும். முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்சரை ஒட்டி நிற்காமல் இடைவெளி விடுங்கள்.

ஹீட்டரில் திடீரெனக் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் போய்விட்டது. அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள், இடம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முள் சிவப்புக்குள் போனாலும், ஆவி கிளம்பினாலும் அதேதான். அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளியாவது ஓரம் கட்டுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினால் சேர்ந்துவிடலாம் என்ற ஆசையில்தான் பல ஹெட்கள் வளைகின்றன.

போனட்டைத் திறந்து வையுங்கள், மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடான கூலன்ட், மூடி விலகிய மறுகணம் ஆவியாகி முகத்தில் பீய்ச்சும். குறைந்தது 45 நிமிடம் விடுங்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அப்போதும் தடித்த துணி போட்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி, காற்று அடங்கியபின் முழுதாகத் திறங்கள். தண்ணீர் ஊற்றுவதானால் இன்ஜின் ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. சூடான ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். சேர்த்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் முதலில் கேட்க வேண்டிய எண் அதுதான். வண்டியின் அடியில் ஈரம் எங்கே இருக்கிறது என்பதையும், ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் (எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஏசி ஸ்விட்சைப் போட்டு) மறுபடி ஸ்டார்ட் செய்தவுடனே பாருங்கள். ஃபேன் சுற்றவில்லையென்றால், அந்த வண்டி டோ செய்துதான் போக வேண்டும்.